திட்டத்தைக் கையில் தொட்டறியும் பிள்ளைகள்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பணியாற்றும் எனக்கு, பிறவியிலேயே பார்வை, செவி உள்ளிட்ட பலவற்றைப் பாதிக்கும் சார்ஜ் (CHARGE) நோய்க்குறியுடன் வாழும் பிள்ளைகளைப் பற்றிப் பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி.

ஏறத்தாழப் பத்தாயிரம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்நிலைக்குச் சிஎச்டி7 என்னும் மரபணுவில் நேரும் மாற்றமே முக்கியக் காரணம் என்பது 2004இல் கண்டறியப்பட்டது. அம்மாற்றம் பெரும்பாலும் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுகிறது. கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பழியைச் சுமக்கும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். பார்வையும் செவியும் குன்றுவதோடு, உட்செவியின் அரைவட்டக் குழாய்கள் சரிவர உருவாகாததால் உடற்சமநிலை தடுமாறுகிறது; பலருக்கு மோப்பமும் தெரிவதில்லை.

இத்தனைக்கும் நடுவே நம் கவனத்துக்கு வராமல் போவது மூளையின் நிர்வாகத் திறன். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், யார் எந்த மர வரிசைக்குப் போவது, மழை வந்தால் வேலையை எப்படி மாற்றுவது என்று மேற்பார்வையாளரான மண்டோர் முடிவு செய்வதைப் போல, எதைத் தொடங்குவது, எதை நிறுத்துவது, எப்போது மாறுவது என்று நம்மை வழிநடத்தும் திறன் அது. ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும், உந்துதலை அடக்குவதும், தம்மைத் தாமே கண்காணிப்பதும் இப்பிள்ளைகளில் பலருக்குக் கடினமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நல்ல அறிவாற்றல் உள்ளவர்களிடமும் இச்சிரமம் உண்டு.

தாய் வாளியை எடுப்பதைப் பார்த்தும், தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டும், குளிக்கும் நேரம் நெருங்குவதை மற்றப் பிள்ளைகள் அறிந்துகொள்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கோ எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரு கை வந்து இழுக்கிறது. பிள்ளை அலறினால், பிடிவாதம் என்கிறோம், அடிக்கவும் செய்கிறோம். நிமிர்ந்து உட்காரவே பெரும்பாடுபடும் பிள்ளைக்கு யோசிப்பதற்கு மிஞ்சும் கவனம் கொஞ்சம்தான். தரையில் படுத்துக்கொண்டு பாடம் கற்க விரும்பினால் படுக்க விடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

செம்பனைத் தோட்டத்து வீடொன்றில், பேத்திக்காக அடுக்களைச் சுவரோரம் பிஸ்கட் டின்களை வரிசையாக வைத்திருக்கிறார் ஒரு பாட்டி. முதல் டின்னில் கரண்டி, அடுத்ததில் துவாலைத் துண்டு, அதற்கடுத்து பள்ளிப் பையின் அறுந்த வார். ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சிறுமி அது குறிக்கும் வேலைக்குப் போகிறாள். முடிந்ததும் பொருளை மூடிபோட்ட வாளியில் போடுகிறாள். பள்ளி வண்டி வராத ஒரு காலையில், பாட்டி அவள் கையைப் பிடித்து வாரை வாளியில் போட வைத்து, பள்ளிக்குப் பதில் வேறு வேலை என்று காட்ட அதே டின்னில் மாவு உருண்டை ஒன்றை வைத்தார். சிறுமி அழுதாள், ஆனால் முன்புபோல் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளவில்லை. மனத்துக்குள் வகுக்க முடியாத திட்டம் அவள் விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

இத்தகைய பிள்ளை உள்ள பெற்றோர், சமூகநல இலாகாவில் ஓகேயூ என்னும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியும்போது, பார்வை, செவி இரண்டின் குறைபாட்டையும் மருத்துவர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அருகில் பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு மையம் இருந்தால் அங்குள்ள பணியாளரிடம் டின் வரிசையைக் காட்டுங்கள். பிள்ளை பள்ளி மாறினால் டின்களும் உடன் போகட்டும். எந்தப் பொருள் எந்த வேலையைக் குறிக்கிறது என்பதைப் புதிய ஆசிரியருக்கு முதல் நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.