மூன்று பெரியவர்களும் ஒரு மகனும்

நேயர்களுக்கு வணக்கம்.

2007 டிசம்பர் 10ஆம் தேதி இரவு லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பெலின் ராக் இசைக்குழு மேடையேறியது. அந்த ஓர் இரவின் பதிவுதான் 'செலிப்ரேஷன் டே' என்ற கச்சேரிப் படம். 2012 அக்டோபரில் திரையரங்குகளுக்கு வந்தது. அடுத்த மாதமே டிவிடியாகவும் வெளியானது. வீட்டில் உட்கார்ந்து பார்க்க ஒரு கச்சேரிப் படம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். ராக் இசையில் பழக்கமில்லாதவர்களுக்கும் இதையே சொல்வேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. 1968இல் தொடங்கிய குழு இது. கிட்டார் ஜிம்மி பேஜ், பாட்டு ராபர்ட் பிளாண்ட், பாஸ் கிட்டாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸ் ஜான் போனம். 1980 செப்டம்பர் 25ஆம் தேதி ஜான் போனம் இறந்துபோனார். வயது 32தான். அவர் இடத்தில் வேறொருவரை வைத்துக்கொண்டு தொடர மற்ற மூவருக்கும் மனம் வரவில்லை. அந்த டிசம்பரிலேயே குழுவை முடித்துக்கொண்டார்கள். அதன்பின் இரண்டொரு முறை சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள், சரியாக அமையவில்லை. 1985இல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில் வாசித்தது அவர்களுக்கே பிடிக்கவில்லை. பிற்பாடு அந்த நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

2007இல் அவர்களை மறுபடி சேர்த்துவைத்தது ஒரு மரணம். அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்டெகன், 1968இல் இந்தக் குழுவுக்கு ஒப்பந்தம் கொடுத்தவர். 2006 அக்டோபரில் நியூயார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவின் கச்சேரி ஒன்றின்போது மேடைக்குப் பின்னால் கீழே விழுந்தவர், டிசம்பரில் 83 வயதில் காலமானார். அவர் பெயரிலான கல்வி நிதிக்காகத்தான் லண்டன் கச்சேரி. நவம்பர் 26ஆம் தேதி நடந்திருக்க வேண்டியது. பேஜுக்கு விரல் முறிந்ததால் டிசம்பருக்குத் தள்ளிப்போனது.

சீட்டுகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். சுமார் 2 கோடிப் பேர் பெயர் கொடுத்ததாக அப்போது செய்தி வந்தது. அரங்கில் இடம் ஏறக்குறைய 20,000 பேருக்கு. ஆனாலும், சீட்டு கிடைத்த அதிர்ஷ்டசாலிகளில் பெரும்பாலானோர் பார்த்திருக்க முடியாத ஒன்றை இந்தப் படம் நமக்குக் காட்டுகிறது. வாசிக்கிறவர்களின் கண்கள். ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் எப்படிக் கவனிக்கிறார், அடுத்த திருப்பம் எங்கே என்பதை யார் யாருக்கு முகத்தாலேயே சொல்கிறார், நினைத்தது சரியாக வந்து விழுந்ததும் யார் சிரிக்கிறார், இதெல்லாம் பின்வரிசையில் இருப்பவருக்கு எட்டாது. எனக்கு இந்தப் படமே அந்தப் பார்வைகளைப் பற்றியதுதான்.

அன்று டிரம்ஸ் வாசித்தவர் ஜேசன் போனம். இறந்துபோன ஜான் போனத்தின் மகன். அப்பா போனபோது அவருக்கு வயது 14, லண்டன் மேடையில் 41. முதல் பாட்டாக அவர்கள் எடுத்துக்கொண்டது 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. 1969இல் வந்த முதல் இசைத்தட்டின் முதல் பாட்டு அது. உலகம் முழுக்க டிரம்மர்கள் ஜான் போனத்தின் வலது காலைப் பற்றிப் பேசத் தொடங்கியது அந்தப் பாட்டுக்குப் பிறகுதான். பாஸ் டிரம்மின் மிதியை ஒற்றைக் காலால் அவ்வளவு வேகமாக, மூன்று மூன்றாக, திஸ்ர நடையில் தட்டியிருப்பார். அப்பாவின் பெயரை நிலைநாட்டிய பாட்டிலேயே மகன் தொடங்க வேண்டும்! இதைவிடக் கடினமான தொடக்கம் இருக்க முடியாது. ஜேசனின் முகத்தைப் பாருங்கள், அப்புறம் மற்ற மூவரும் அவரைப் பார்ப்பதைப் பாருங்கள். இரண்டு மூன்று பாட்டுக்குள் அவர்கள் தோள்கள் தளர்வது தெரியும். இந்த இரவு நன்றாகப் போகும் என்று அவர்களுக்கே நம்பிக்கை வந்துவிடுகிறது.

இங்கே அவர்களுடைய பழைய படத்தையும் சொல்ல வேண்டும். 1973 ஜூலையில் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் எடுத்து 1976இல் வெளியிட்டார்கள். அதில் குட்டிப் பையனாக ஜேசன் அப்பாவோடு டிரம்ஸ் வாசிக்கும் காட்சி உண்டு. அந்தப் படத்தில் கச்சேரிப் பதிவில் நிறைய இடைவெளிகள். பிறகு இங்கிலாந்தில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் மேடையை மறுபடி அமைத்து வாசித்து நிரப்பினார்கள். அதற்குள் ஜோன்ஸ் முடி வெட்டிக்கொண்டதால் விக் வைத்து நடிக்க வேண்டியதாயிற்று. நடுநடுவே குதிரை, வாள், மலை உச்சி என்று கற்பனைக் காட்சிகள் வேறு. இளமையின் உச்சத்தில் இருந்த குழுவுக்கு அவ்வளவு ஜோடனை தேவைப்பட்டது. வயதான பின் எடுத்த படத்தில் அப்படி எதுவும் இல்லை. பேட்டி இல்லை, ஒத்திகைக் காட்சி இல்லை. 16 பாட்டு, இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். இயக்குநர் டிக் கரதர்ஸ் இசைக்குக் குறுக்கே வரவே இல்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவ்வளவு பெரிய மேடையில் நால்வரும் டிரம்ஸைச் சுற்றி நெருக்கமாகவே நிற்கிறார்கள். ஓடுவதில்லை, குதிப்பதில்லை. பேஜுக்கு அப்போது 63, ஜோன்ஸுக்கு 61, பிளாண்டுக்கு 59. பல பாடல்களில் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். இதில் குறை காண எதுவும் இல்லை. நம் சங்கீத வித்வான்களும் வயதாக ஆகக் கட்டையைக் குறைத்துக்கொண்டு பாடுகிறார்கள், நாமும் மனதாரக் கேட்கிறோம். இருபது வயதில் பிளாண்ட் உச்சஸ்தாயியில் வீறிட்ட இடங்களை இங்கே வேறு வழியில் அணுகுகிறார். வரியை உடைத்து, இறுக்கி, சில இடங்களில் பேசுவதுபோலப் பாடுகிறார். 'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ' எனக்கு இந்த வடிவத்தில்தான் அதிகம் பிடிக்கிறது.

'காஷ்மீர்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1975இல் வந்த பாட்டு. பெயர்தான் காஷ்மீர், வரிகள் பிறந்தது மொராக்கோவின் தென்பகுதிப் பாலைவனச் சாலையில். அதன் கணக்கைத் தாளம் போட்டுப் பார்த்தால் நமக்கு உடனே பிடிபடும். கிட்டார் மூன்று மூன்றாகப் போகிறது, டிரம்ஸ் நான்கு நான்காகப் போகிறது. பன்னிரண்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அப்படிச் சேரும் ஒவ்வொரு தடவையும் பாட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டதுபோல் இருக்கும். ஜோன்ஸ் கீபோர்டில் இருப்பார், ஜேசன் ஒரு பிசிறு இல்லாமல் நான்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். அன்றைய இரவின் உச்சம் இதுதான் என்பது என் கருத்து.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிவியின் சொந்த ஸ்பீக்கரை நம்பாதீர்கள். நல்ல ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஹெட்போன் போதும். பாஸ் டிரம்மும் பாஸ் கிட்டாரும் காதுக்கு வராவிட்டால் இந்தக் குழுவின் பாதி இசை போய்விடும். இடையில் நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். முதல்முறை எல்லாரும் பேஜைத்தான் பார்ப்பார்கள், வயலின் வில்லை எடுத்துக் கிட்டாரில் இழுக்கும்போது வேறு எங்கே பார்ப்பது! இரண்டாம் முறை பார்த்தால் ஜோன்ஸைப் பாருங்கள். கைகள் கீபோர்டில் இருக்கும்போதே கால்கள் கீழே பெடல்களில் பாஸ் வாசித்துக்கொண்டிருக்கும். புகழ் தேடாத மனிதர்.

இதற்குப் பிறகு உலகச் சுற்றுப்பயணம் போவார்கள் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். பிளாண்ட் சம்மதிக்கவில்லை. 2007 அக்டோபரில்தான் அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸுடன் சேர்ந்து வேறு வகையான ஓர் ஆல்பம் வெளியிட்டிருந்தார். அந்தப் பக்கமே போய்விட்டார், 2009இல் அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. அவர் மீது கோபப்பட்டவர்கள் அதிகம். நான் அவர் பக்கம். அறுபது ஊர்களில் அதையே திரும்பத் திரும்ப வாசித்திருந்தால் அந்தப் பார்வைகள் அப்படியே இருந்திருக்குமா?

படத்தில் ஐந்தாவதாக வருவது 'ஃபார் யுவர் லைஃப்'. 1976 ஆல்பத்தில் உள்ள பாட்டு, பெரிய வெற்றிப் பாட்டு எல்லாம் இல்லை. குழு உச்சத்தில் இருந்தபோதுகூட அதை மேடையில் வாசித்ததில்லை. இத்தனை ஆண்டுக்குப் பின், ஒரே ஒரு கச்சேரிக்காக, அதைப் புதிதாக உட்கார்ந்து தயார் செய்து வந்து வாசிக்கிறார்கள். கைதட்டலுக்காக என்றால் அந்த இடத்தில் வாசிக்க எத்தனையோ பாட்டு அவர்களிடம் இருந்தது. முழுப் படத்துக்கும் நேரம் இல்லாதவர்கள் அந்த ஒரு பாட்டையாவது பாருங்கள், அதிலும் பேஜும் ஜேசனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடங்களை.

வணக்கம்.