கெட்என்வ் தந்த சுட்டியை ஃபிரீ செய்யலாமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு மாணவி அனுப்பிய கேள்வி இரண்டு நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. சி மொழியில், நிரலுக்கு வெளியிலிருந்து பெயரிட்டுத் தரப்படும் அமைப்பான சூழல் மாறியின் மதிப்பைப் பெறும் கெட்என்வ் (getenv) தருகின்ற சுட்டியை, அதாவது அந்த மதிப்பு இருக்கும் நினைவக முகவரியை, வேலை முடிந்ததும் ஃபிரீ (free) செய்து நினைவகத்தை விடுவிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். செய்யவே கூடாது, அந்த நினைவகம், நினைவகம் ஒதுக்கித் தரும் மாலொக் (malloc) மூலம் நீங்கள் பெற்றதன்று. ஆனால் பிள்ளை, அந்தச் சுட்டியை எவ்வளவு நேரம் நம்பலாம் என்று கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

சுட்டிகள் பற்றிய உரையில் பங்குக் கிணற்றைச் சொன்னேன் அல்லவா? கிணற்றுத் தண்ணீர் பங்காளர் எல்லோருக்கும் பொது. உங்கள் வாளிக்குள் வந்ததுதான் உங்களுடையது. கெட்என்வ் கிணற்றைத்தான் காட்டுகிறது. அந்தச் சரத்தை நிரல் மாற்றக் கூடாது என்பது சி தரத்தின் விதி. பின்னர் வரும், சூழல் மாறிக்கு மதிப்பு வைக்கும் செட்என்வ் (setenv), ஏன், இன்னொரு கெட்என்வ் அழைப்புக்கூட அதை மாற்றி எழுதிவிட இடமுண்டு. ஆகவே அப்படியொரு மாறி இல்லை என்பதைக் காட்டும் நல் (NULL) வந்ததா என்று முதலில் பார்த்து, மதிப்பின் நீளம் நீங்கள் ஏற்கக்கூடிய அளவுதானா என்று சோதித்து, புதிய நினைவகம் ஒதுக்கிச் சரத்தைப் பிரதி செய்யும் ஸ்டர்டப் (strdup) மூலம் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியைத்தான் ஃபிரீ செய்ய வேண்டும். 64 எழுத்துக்கு ஒதுக்கிய அணிக்குள் அளவு பாராமல் ஸ்டர்கொப்பி (strcpy) மூலம் பிரதி செய்பவர், நிரலை இயக்குபவர் அந்த மாறியில் எத்தனை எழுத்தும் வைத்திருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்.

சூழல் மாறிக்கு மதிப்பு வைக்கும் இன்னொரு செயற்கூறான புட்என்வ் (putenv) பிரதி எடுக்காது. நாம் கொடுத்த சரமே சூழலின் பகுதியாகிவிடும். இதை அறியாமல் நானே ஒருமுறை, கடையொன்றுக்கு எழுதிய பற்றுச்சீட்டு நிரலில், நேர வலயத்தைக் குறிக்கும் "டிஇசட்=ஏசியா/கொழும்பு" (TZ=Asia/Colombo) என்பதை, ஒரு செயற்கூறு முடிந்ததும் மறையும் அதன் உள்ளூர் அணியில் அமைத்துப் புட்என்வுக்குக் கொடுத்தேன். பல நாள் சரியாகவே ஓடியது. வேறொரு செயற்கூற்றைச் சேர்த்த அன்று, மாலை 6 மணிக்குக் கொடுத்த சீட்டில் பகல் 12.30 என்று அச்சாகியது. அணி இருந்த இடத்தில் வேறு தரவு எழுதப்பட்டதால் டிஇசட் தொலைந்துபோக, கணினி தன் இயல்பான, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய யூரிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்துக்குத் திரும்பியிருந்தது. கடைக்காரர் மணிக்கூட்டைத்தான் சந்தேகித்தார்! செட்என்வ் பிரதி எடுப்பதால் அதற்கு மாறினேன். அதையும், நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேறு இழைகள் (threads) தொடங்குவதற்கு முன், நிரல் தொடங்கும் செயற்கூறான மெயினின் (main) ஆரம்பத்திலேயே அழைத்து முடித்துவிடுகிறேன்.