பூல்ல விசில் அடிச்சா கோபப்படாதீங்க, ப்ளீஸ் | பார்க் சம்மர் அப்டேட்

எல்லாருக்கும் வணக்கம், வாய்ஸ் கேக்குதா? பின்னாடி மரத்துக்கு தண்ணி விடுற வண்டி நிக்குது, அந்த சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கோங்க. பார்க்ல தான் இருக்கேன், இன்னும் வெயில் ஏறல. சம்மர் ஷெட்யூல் வந்துருச்சு, என்னென்ன இருக்கு சொல்லுங்கன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருந்தீங்க, அதான் இந்த வீடியோ.

ஷெட்யூலை கடகடன்னு சொல்லிடுறேன். நீச்சல் கிளாஸ் இருக்கு, பசங்களுக்கு டே கேம்ப் இருக்கு, பெரியவங்களுக்கு தண்ணிக்குள்ள பண்ற எக்சர்சைஸ், காலைல புல்வெளில யோகா, ராத்திரி வெட்டவெளில படம் போடுறது எல்லாம் வழக்கம்போல இருக்கு. இந்த தடவை வெளில ஆடுற விளையாட்டு எல்லாத்தையும் காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாத்திட்டாங்க, உச்சி வெயில் நேரத்துல எதுவுமே வைக்கல, ரொம்ப நல்ல முடிவு. ஒரே ஒரு கிளாஸ்ல தான் சேர்க்க முடியும்னா யோசிக்காம நீச்சல்ல சேத்துடுங்க. டிராயிங் எப்ப வேணா கத்துக்கலாம். இடம் இல்ல, வெயிட்டிங் லிஸ்ட்னு வந்தாலும் பேரை போட்டு வைங்க, போன வருஷம் என் பொண்ணுக்கு அப்படித்தான் ரெண்டாவது வாரத்துல கூப்பிட்டாங்க.

சரி, இப்ப நான் மெயினா பேச வந்த விஷயம். நேத்து சாயங்காலம் பூல் நல்ல கூட்டம், பசங்க எல்லாம் குஷியா ஆடிட்டு இருக்காங்க, எங்கயோ தூரத்துல லேசா ஒரு இடி சத்தம். உடனே நீளமா விசில், எல்லாரும் வெளில வாங்கன்னு. மேல பாத்தா வானம் பளிச்சுன்னு இருக்கு, ஒரு சொட்டு மழை இல்ல. ஒருத்தர் போய் அந்த லைஃப்கார்டு பையன்கிட்ட கத்துறாரு பாருங்க, பையனுக்கு மிஞ்சிப்போனா 19 வயசு இருக்கும், முகமெல்லாம் சிவந்து போச்சு, ஆனாலும் "சார், கடைசி இடி கேட்டதுல இருந்து 30 நிமிஷம் சார்"னு அதையே தான் திரும்ப திரும்ப சொல்லிட்டு நின்னான். எனக்கு மனசு கேக்கவே இல்ல. அவன் சொன்னது தாங்க சரி. மழை பெய்யுற இடத்துல இருந்து 16 கிலோமீட்டர் தள்ளி கூட மின்னல் விழும், இடி காதுல கேக்குதுன்னாலே நீங்க அந்த எல்லைக்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தம். நடுவுல இன்னொரு இடி கேட்டா அந்த 30 நிமிஷம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், அது அவன் போட்ட ரூல் இல்ல.

அதே மாதிரி இன்னொரு கோபம், திடீர்னு "இன்னைக்கு பூல் கிடையாது, கிளீனிங்"னு போர்டு வைக்கிறாங்களேன்னு. அது பெரும்பாலும் ஏதாவது ஒரு குழந்தை தண்ணில வயித்தால போயிருக்கும். கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி, மத்த கிருமி எல்லாம் குளோரின்ல சீக்கிரம் செத்துடும், இது மட்டும் சரியா குளோரின் போட்ட தண்ணில கூட ஒரு வாரத்துக்கு மேல உயிரோட இருக்கும், அதனால குளோரினை பல மடங்கு ஏத்தி, ஆளை இறக்காம வச்சு தான் அதை கொல்லணும். குழந்தைக்கு பேதி ஆச்சுன்னா நின்னதும் கூட்டிட்டு வந்துடாதீங்க, கிரிப்டோன்னு தெரிஞ்சா நின்னதுக்கு அப்புறமும் ரெண்டு வாரம் பூல் வேண்டாம். அப்புறம் அந்த கண்ணு எரியுற வாடை வருமே, அதை எல்லாரும் குளோரின் ஜாஸ்தின்னு நினைச்சுக்குறோம், வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேந்து குளோரமைன்னு ஒண்ணு ஆகுது, அந்த வாடை தாங்க அது. உள்ள இறங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் ஷவர்ல நில்லுங்க, பாதி பிரச்சனை குறையும்.

அந்த பையன் உக்காந்திருக்குறத நான் ஒரு அரை மணி நேரம் கவனிச்சு பாத்தேன். ஃபோன் கையில இல்ல, யார் கூடவும் பேச்சு இல்ல, தலை மட்டும் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் போகுது, நடுவுல குனிஞ்சு அடித்தரையையும் பாக்குறான். ஏன்னா மூழ்குறவங்க நாம நினைக்கிற மாதிரி கையை ஆட்டி கத்த மாட்டாங்க. மூச்சு விடவே வாய் மேல வரமாட்டேங்குது, எங்க கத்துறது? கை ரெண்டும் தண்ணிய கீழ அமுக்கிட்டே இருக்கும், வெளில இருந்து பாத்தா குழந்தை ஆடுற மாதிரியே தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 2021ல மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி செத்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் 5 வயசுக்கு கீழ உள்ள குழந்தை. படிச்சதுல இருந்து எனக்கு தூக்கம் சரியா வரல.

அதனால சின்ன குழந்தைன்னா கை எட்டுற தூரத்துலயே நில்லுங்க. கையில மாட்டுற காத்து பலூனை நம்பாதீங்க, அது விளையாட்டு சாமான், உயிர் காக்குறது இல்ல. டிரெஸ் வாங்கும்போது நீலம், வெள்ளை வேண்டாம், தண்ணிக்குள்ள போனா கண்ணுக்கே தெரியாது, பளிச்சுனு ஆரஞ்சு, பிங்க் அந்த மாதிரி எடுங்க.

இங்க பாருங்க, கேமராவை திருப்புறேன், சறுக்குமரம். போன வருஷம் என் பொண்ணு மத்தியானத்துல இதே மாதிரி ஒண்ணுல உக்காந்துட்டு வீல்னு கத்தினா, தொடை பின்பக்கம் முழுசா சிவந்து, சாயங்காலம் கொப்பளம் வந்துருச்சு. இரும்பு தான் சுடும், பிளாஸ்டிக் ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன், அது தப்பு, பிளாஸ்டிக்கும் சுடும், கீழ போட்டுருக்காங்களே கருப்பு ரப்பர், அதுவும் சுடும். இப்ப இப்படி புறங்கையை வச்சு 5 செகண்ட் பாக்குறேன்... ம், இப்ப ஓகே. தாங்க முடியலன்னா குழந்தைய ஏத்தாதீங்க. மடியில வச்சுட்டு சறுக்காதீங்க, குழந்தையோட ஷூ ஓரத்துல மாட்டிக்கிட்டா உங்க வெயிட் சேந்து தள்ளி கால் எலும்பு உடைஞ்சிடும், அப்படி நிறைய நடக்குது.

இந்த தண்ணி வண்டி புதுசா நட்ட மரத்துக்கு தான், கிழக்கு பக்கம் ஒரு வரிசை நட்டுருக்காங்க, மண்ணு நல்லா ஆழமா நனையுற மாதிரி மெதுவா விடுறாங்க. அந்த குச்சி கட்டுன மரத்துல பசங்க தொங்காம பாத்துக்கோங்க, இன்னும் வேர் பிடிக்கல.

ஆங், பூல் கேட்டை திறந்துட்டாங்க. நேத்து பையன் தான் இன்னைக்கும் டியூட்டி போல, நாற்காலிய துடைச்சுட்டு இருக்கான். நான் போய் ஒரு வார்த்தை தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடுறேன், பை.