மண்வெட்டியே வேண்டாம்: சோம்பேறிகளுக்கான இலையுதிர் காலக் காய்கறித் தோட்டம்

[காட்சி: வாடிக்கொண்டிருக்கும் தக்காளிச் செடிகள். கேமரா மெதுவாகக் கீழே இறங்கி மண்ணில் நிற்கிறது.]

கொத்தாதீர்கள். கிளறாதீர்கள். கோடைச் செடிகள் வாடிப்போய் நிற்கிற இதே பாத்தியில் ஒரு பிடி விதையைத் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே போய்ப் படுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முள்ளங்கி பிடுங்கலாம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மண்ணைக் கிளறாமல் விடுவது ஏன் புத்திசாலித்தனம் என்று புரிய, 1952-இல் லெட்யூஸ் விதையை வைத்து நடந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் போதும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நடுவில் வரும், ஓட்டிவிடாதீர்கள்.

முதலில் பின்னணி, வேகமாக. கீரை வகைகளை வசந்தத்தில் விதைத்தால் நாளுக்கு நாள் பகல் நீளும், வெயில் ஏறும். ஸ்பினாச்சும் லெட்யூஸும் தண்டு விட்டுப் பூத்து, கசந்துபோகும். இலையுதிர் காலத்தில் எல்லாம் தலைகீழ். பகல் குறைகிறது, சூடு தணிகிறது, புதுக் களைகளும் குறைவு. செடி அவசரப்படாமல் இலையை வளர்க்கும். பின்னணி முடிந்தது.

சோம்பல் உதவாத இடம் ஒன்றே ஒன்று: தேதி. உங்கள் ஊரில் முதல் உறைபனி வழக்கமாக எப்போது வரும் என்று பாருங்கள். விதை பாக்கெட்டில் அறுவடைக்கு எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதோடு 14 நாளைக் கூட்டுங்கள், ஏனென்றால் பகல் குறையக் குறைய செடி மெதுவாகத்தான் வளரும். கூட்டி வந்ததை உறைபனித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

[திரையில்: முள்ளங்கி 28 + 14 = 42 நாள். கேரட் 70 + 14 = 84 நாள்.]

உறைபனி அக்டோபர் 20 என்று வையுங்கள். முள்ளங்கிக்குச் செப்டம்பர் 8, கேரட்டுக்கு ஜூலை 28. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள். கேரட், கேல், ஸ்பினாச் எல்லாம் லேசான உறைபனியைத் தாங்கும் என்பதால் சில நாள் பிந்தினால் தலை போய்விடாது. ஆனால் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனதும் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். அதற்குள் செடி உருப்படியான அளவுக்கு வந்திருக்க வேண்டும்.

சரி, பாத்தியைத் தயார் செய்யலாம். தயார் என்று சொல்வதே அதிகம். பழைய செடியை வேரோடு பிடுங்காமல், தண்டை மண் மட்டத்தில் கத்தரியால் வெட்டுங்கள். வேர் உள்ளேயே மக்கட்டும். அது விட்டுப்போகிற துளைகள் வழியாகத் தண்ணீரும் காற்றும் இறங்கும். நோய் வந்த தக்காளிச் செடியை மட்டும் பாத்தியில் விடாமல் அப்புறப்படுத்துங்கள். மேலே 2, 3 சென்டிமீட்டர் மக்கு உரம். முடிந்தது.

இப்போது அந்தச் சோதனை.

[காட்சி: உள்ளங்கையில் லெட்யூஸ் விதைகள், மிக நெருக்கத்தில்.]

இதைப் பாருங்கள். ரேகைகளுக்கு இடையில் ஒளிந்துகொள்கிற அளவுதான். ஒரு கிராமில் ஏறத்தாழ ஆயிரம் விதை இருக்கும். இத்தனூண்டு விதைக்குள் எவ்வளவு சாப்பாடு இருந்துவிடப் போகிறது? 8 சென்டிமீட்டர் ஆழத்தில் முளைத்தால், மேலே வந்து சேர்வதற்குள் கட்டுச்சோறு தீர்ந்துவிடும். அதனால் மேலே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முளைக்கும்.

விதைக்குக் கண் ஏது என்று கேட்பீர்கள். அதைத்தான் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெல்ட்ஸ்வில்லில் இருக்கிற வேளாண்துறை ஆராய்ச்சி மையத்தில் தேடினார்கள். ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் குழு. ‘கிராண்ட் ராபிட்ஸ்’ என்ற லெட்யூஸ் ரகத்தின் விதையை இருட்டில் ஊறவைத்து, கொஞ்ச நேரம் சிவப்பு ஒளி காட்டினார்கள். பெரும்பாலான விதை முளைத்தது. சிவப்பைக் காட்டிய கையோடு தூரச்சிவப்பு, அதாவது நம் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமாகச் சிவப்பின் ஓரத்தில் இருக்கிற ஒளி, அதைக் காட்டினால்? முளைப்பு 10 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. திரும்பச் சிவப்பைக் காட்டினால் மறுபடி 70 சதவீதத்துக்கு மேல். திரும்பத் தூரச்சிவப்பு, மறுபடி சரிவு. எத்தனை தடவை மாற்றிக் காட்டினாலும் விதை கடைசியாகப் பார்த்த ஒளியை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது! இந்தச் சுவிட்சாக வேலை செய்கிற நிறமியை 1959-இல் அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் ஃபைட்டோகுரோம்.

இன்னும் இருக்கிறது. இந்த இரண்டு ஒளியை விதை ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? இலைகள் சிவப்பு ஒளியைச் சாப்பிட்டுவிட்டு, தூரச்சிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆகவே ஒரு விதையின் மேல் தூரச்சிவப்பு மட்டும் தாராளமாக விழுகிறது என்றால், தலைக்கு மேல் வேறொரு செடி குடை பிடித்து நிற்கிறது என்று அர்த்தம். இப்போது முளைத்தால் பிழைப்பு நடக்காது, காத்திருப்போம். மூளை என்று ஒன்றே இல்லாத பொருள் இவ்வளவு யோசிக்கிறது. விதைப் பாக்கெட்டைத் திறந்த உடனே குழி தோண்டிப் புதைக்கிற நம்மைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இதற்கும் மண்வெட்டிக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் பாத்திக்குள் பல வருடங்களாகத் தூங்குகிற களை விதைகள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கும் இதே சுவிட்ச் உண்டு. மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால் அவை தூங்குகின்றன. நீங்கள் கொத்திப் புரட்டுகிற அந்த நொடியில் வெயில் படுகிறது. சில களை விதைகளுக்குக் கண் சிமிட்டுகிற நேர வெளிச்சமே போதும். நீங்களே தட்டி எழுப்பிவிட்டு, அப்புறம் குனிந்து குனிந்து களை எடுக்கிறீர்கள். இதற்காகவே ராத்திரியில் இருட்டில் உழுது பார்த்த ஆராய்ச்சியாளர்கள் உண்டு. சில வயல்களில் களை குறைந்தது, சில வயல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அர்த்தராத்திரியில் டார்ச்சும் இல்லாமல் மண்வெட்டியோடு நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? அதற்குக் கொத்தாமலே இருந்துவிடலாம். என் கட்சி அதுதான்.

இந்தப் பகுதி பிடித்திருந்தால் லைக் போடுங்கள். பிடிக்காதவர்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீர்கள்.

சரி, விதைப்பு. லெட்யூஸ், கடுகுக்கீரை, கேல், அருகுலா என்று வசந்தத்தில் மிஞ்சிய அரைப் பாக்கெட்டுகளை எல்லாம் ஒரு கிண்ணத்தில் கொட்டி, உலர்ந்த மணலோடு கலந்து பாத்தி முழுக்கத் தூவுங்கள். மணல் சேர்த்தால் விதை ஒரே இடத்தில் கொத்தாக விழாது. கையால் லேசாகத் தட்டினால் போதும், மூட வேண்டாம். இவற்றின் விதை நன்றாக வைத்திருந்தால் சில வருடம் தாங்கும். வெங்காய விதை மட்டும் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், புதிதாக வாங்குங்கள். தக்காளிச் செடியை வெட்ட மனம் வரவில்லையா? கீழ் இலைகளைக் கழித்துவிட்டு அடியிலேயே தூவலாம். ஏன் கீழ் இலைகளைக் கழிக்கச் சொல்கிறேன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இன்னும் வெயில் அடிக்கிறது என்றால் ஒரு சிக்கல். மண் சூடு 30 டிகிரியை நெருங்கினால் லெட்யூஸும் ஸ்பினாச்சும் முளைக்க மறுக்கும். ஈரமான காகிதத்தில் விதையைச் சுற்றி, ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள் வைத்துவிட்டு, சாயங்காலம் தூவுங்கள்.

கேரட் முளைக்கச் சில சமயம் மூன்று வாரம்கூட ஆகும், அதுவரை மேல்மண் காயக் கூடாது. தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளிக்க யாரால் முடியும்? நன்றாக நனைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடுங்கள். ஐந்தாறு நாள் கழித்துத் தினமும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். வெளுத்த நூல் மாதிரி ஒன்று மடங்கி எழுந்தால் அன்றைக்கே பலகையை எடுத்துவிட வேண்டும். கூடவே கொஞ்சம் முள்ளங்கி விதையும் கலந்திருந்தால் அது சீக்கிரம் முளைத்து மண்ணின் மேலோட்டை உடைத்து வழி விடும். கேரட்டுக்கு இடம் தேவைப்படும்போது முள்ளங்கி சமையலறைக்குப் போயிருக்கும்.

காலிஃபிளவர், முட்டைக்கோஸ் ஆசை இருந்தால் நாற்றாக வாங்குங்கள். இந்த வீடியோவில் அவ்வளவுதான்.

கீரைகள் விரல் நீளம் வந்ததும் கத்தரியால் அடியில் மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள், திரும்பத் துளிர்க்கும். நெருக்கமாக இருப்பதைக் கலைக்கிற வேலையும் சமையலும் ஒன்றாகவே முடிந்துவிடும். உறைபனி வந்தபின் கேலும் கேரட்டும் இனிக்கும்: குளிரில் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது, சர்க்கரை கலந்த நீர் சட்டென்று உறையாது. காலையில் இலை விறைத்து நின்றால் தொடாதீர்கள். வெயிலில் இளகிய பிறகு பறியுங்கள்.

கடைசியாகப் பூண்டு. இதுதான் சோம்பேறிப் பயிர்களில் ராஜா. முதல் உறைபனியை ஒட்டி, பல்லின் கூர்நுனி மேலே இருக்கும்படி 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளியில் செருகுங்கள். விரலால் ஓட்டை போட்டால் போதும், இதற்கும் மண்வெட்டி வேண்டாம். மேலே காய்ந்த இலைகளைத் தடிமனாக மூடாக்கு போடுங்கள். பூண்டுக்குக் குளிர் தேவை; அது கிடைக்காவிட்டால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடக்கூடும். அடுத்த கோடையில் கீழ் இலைகள் காய்ந்து மஞ்சளாகும்போது எடுக்கலாம்.

உங்கள் ஊரில் முதல் உறைபனி எந்தத் தேதி, பாக்கெட்டில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது, இரண்டையும் கமெண்டில் போடுங்கள். விதைக்கிற தேதியை எண்ணிச் சொல்கிறேன். கணக்குப் போட எனக்குச் சலிப்பே கிடையாது, களை எடுக்கத்தான் உடம்பு வளையாது.