சொத்து வரி: தீர்மானம் மன்றத்தில், ஆணை கோட்டையில்

[திரையில்: அரையாண்டு சொத்து வரி ரசீது. உள்ளாட்சியின் பெயர் இருக்கும் வரி மட்டும் பெரிதாகிறது.]

வணக்கம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்த வீடு வைத்திருப்பவர்கள், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு தவணை, அக்டோபர் முதல் மார்ச் வரை மறு தவணை என ஆண்டுக்கு இரண்டு முறை சொத்து வரி செலுத்துகிறார்கள். ரசீதின் தலைப்பில் ஒரு மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியின் பெயர் இருக்கிறது. அந்தத் தொகையை நிர்ணயித்தது உண்மையில் அந்த அமைப்புதானா? குறிப்பாக, சில ஆயிரம் வீடுகளை மட்டுமே கொண்ட ஒரு சிறிய பேரூராட்சிக்குத் தன் வரியின் மீது எவ்வளவு அதிகாரம் இருக்கிறது?

சட்டத்திலிருந்து தொடங்குவோம். நிலங்கள், கட்டடங்கள் மீது வரி விதிக்கும் உரிமை, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 49ஆவது இனமாக இருக்கிறது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதியைக் கொடுத்தது. ஆனால் வரி விதிக்கும் அதிகாரத்தை நேரடியாக அவற்றின் கையில் கொடுக்கவில்லை. எந்த வரியை விதிக்கலாம், எந்த வரம்புக்குள் வசூலிக்கலாம் என்பதைச் சட்டமன்றமே சட்டம் இயற்றி வழங்க வேண்டும் என்று 243-எக்ஸ் பிரிவு விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் அந்த அதிகாரம், சென்னைக்கென இருந்த 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும், நகராட்சிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும் நெடுங்காலம் இயங்கியது. 1998இல் இயற்றப்பட்டுப் பின்னர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தது.

[திரையில்: கணக்கு ஒவ்வொரு படியாக எழுதப்படுகிறது.]

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். சென்னை மாநகராட்சி பல ஆண்டுகள் கையாண்ட முறையில், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என ஒரு நியாய வாடகை மதிப்பு உண்டு. அது 2 ரூபாய் என்றும் வீடு 1,000 சதுர அடி என்றும் வைத்துக்கொண்டால், மாத மதிப்பு 2,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்குப் பதிலாக, பராமரிப்புக் கழிவு போக, 10.92ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு 21,840 ரூபாய். கட்டடத்தின் வயதுக்கும் சொந்தக் குடியிருப்புக்கும் உரிய கழிவுகளை இங்கே சேர்க்காமல் விட்டால், ஆண்டு மதிப்பு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட கட்டடங்களுக்கான 12.4 சதவீதப்படி அரையாண்டு வரி ஏறத்தாழ 2,708 ரூபாய். இந்த 12.4 சதவீதத்தில் பொது வரி 9, கல்வி வரி 2.5, நூலக வரி 0.9. உள்ளாட்சி வசூலித்தாலும் நூலக வரி அதன் கருவூலத்தில் தங்குவதில்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி அது நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம்.

இனி விகிதத்தை மாற்றுவது யார் என்ற கேள்விக்கு வருவோம். இந்த விஷயத்தின் மையமே இதுதான். சென்னை மாநகராட்சியில் 1998க்குப் பிறகும், மற்ற நகர உள்ளாட்சிகளில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு, அதாவது எல்லாச் சொத்துகளுக்கும் வரியை மறுநிர்ணயம் செய்வது, நின்றுபோனது. 2018இல் வரி உயர்த்தப்பட்டபோது, தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி தேர்தல் வரை அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினார்கள். அந்த உயர்வும் 2019 நவம்பரில் அரசால் நிறுத்தி வைக்கப்பட்டது. விதித்தபோதும் நிறுத்தியபோதும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் என்று ஒன்று இருக்கவில்லை என்பது சாதாரணமாகக் கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல.

2022இல் மன்றங்கள் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, ஏப்ரலில், புதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். 2011க்கு முன்பே மாநகராட்சிக்குள் இருந்த சென்னையின் பழைய பகுதிகளுக்கு மட்டும் முறையே 50, 75, 100, 150. இதன்படி 1,000 சதுர அடி வீட்டுக்கு மயிலாப்பூரில் 75 சதவீத உயர்வு. 2011 வரை தனிப் பேரூராட்சியாக இருந்த பெருங்குடியில் 50 சதவீதம். மாநகராட்சிக்கு வெளியே உள்ள மீஞ்சூரிலும் அதே 50 சதவீதம். ஊரின் தேவை என்ன, குடிநீர்க் குழாய் எத்தனை தெருக்களுக்கு வந்திருக்கிறது, வடிகால் இருக்கிறதா என்ற எதையும் இந்தப் பட்டியல் கேட்கவில்லை. அந்தந்த மன்றம் தீர்மானம் நிறைவேற்றித்தான் வரி அமலுக்கு வந்தது; ஆனால் விகிதம் கோட்டையிலிருந்து வந்தது.

மாநில அரசுக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் வளர வேண்டும், இல்லையென்றால் நகர உள்ளாட்சிகளுக்கான மானியம் கிடைக்காது என்று, ஒன்றிய அரசின் நிதியை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பகிரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்திருந்தது. ஆக, ஒரு பேரூராட்சியின் வரியை நிர்ணயித்ததில் டெல்லியின் பங்கும் உண்டு.

சிறிய உள்ளாட்சிக்குச் சொத்து வரியை விட்டால் வேறு பெரிய சொந்த வருவாய் கிடையாது. தொழில் வரிக்கு 1988 முதல் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு அப்படியே நிற்கிறது. விளம்பரங்கள் மீதான வரி உரிமை, ஜிஎஸ்டிக்கான 101ஆவது திருத்தத்தோடு மாநிலப் பட்டியலிலிருந்தே நீங்கியது. ரயில்வே, ராணுவம் போன்ற ஒன்றிய அரசின் சொத்துகளுக்கு 285ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. எல்லைக்குள் ரயில்வே நிலம் நிறைந்த ஒரு சிற்றூருக்கு இது சிறிய இழப்பு அல்ல.

[திரையில்: ஆலந்தூர் வரைபடம்.]

மக்கள் பணம் தர மறுப்பார்கள் என்ற பயமே மன்றங்களிடம் அதிகாரத்தை விடாததற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆலந்தூரின் அனுபவம் வேறு. 2000ஆம் ஆண்டை ஒட்டி, அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூர், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. அது வரி அல்ல. ஆனாலும், எந்த வேலைக்காகப் பணம் என்பதை நகர்மன்றத் தலைவரும் உறுப்பினர்களும் தெருத் தெருவாகச் சென்று விளக்கியபோது, குடியிருப்போர் சங்கங்கள் முன்நின்று செலுத்தின. 2011இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் சென்னையோடு இணைக்கப்பட்டபோது அந்த நகர்மன்றமும் இல்லாமல் போனது. ஆலந்தூர் இன்று மாநகராட்சியின் ஒரு மண்டலம்.

என் கருத்தில், அரசு ஒரு கீழ் வரம்பையும் மேல் வரம்பையும் வகுத்துவிட்டு, இடைப்பட்ட விகிதத்தை மன்றத்தின் பொறுப்பில் விடுவதே சரி. பத்து, இருபது ஆண்டுகள் தேர்தலுக்குப் பயந்து தொடாமல் வைத்திருந்து, பிறகு ஒரே நாளில் ஒன்றரை மடங்கு ஏற்றுவது ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்குத்தான் முதலில் வலிக்கிறது. 2024இல் சென்னையில் தொடங்கிய 6 சதவீத ஆண்டு உயர்வு அந்தத் திடீர் அடியைத் தவிர்க்கிறது. ஆனால் விதியே உயர்வைத் தானாகக் கொண்டுவரும்போது, மன்றத்தில் அது குறித்துப் பேச எதுவும் மிச்சமிருப்பதில்லை.

உங்கள் ஊரில் எப்படி இருக்கிறது என்று அறிய, பேரூராட்சி அலுவலகத்தில் செயல் அலுவலரிடம் கடந்த ஆண்டின் கேட்பு (வசூலாக வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். விகிதம் மாறும்போது ஆட்சேபணைகளுக்காக ஒரு காலக்கெடு அறிவிக்கப்படும். 2022இல் அது 30 நாள். உங்கள் கட்டடத்தின் அளவோ பயன்பாடோ தவறாகப் பதிவாகியிருந்தால், வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யுங்கள்; மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வர வேண்டாம்.