30 மணி நேரத்தில் என்ன முடியும்?

வணக்கம். விடுமுறையில் ஆங்கில வகுப்பு நடத்தப் போகிறவர்கள்தான் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் நேராகக் கணக்குக்கே வந்துவிடுகிறேன். இரண்டு வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 3 மணி நேரம். ஆக மொத்தம் 30 மணி நேரம். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ2 என்ற அடிப்படை நிலையிலிருந்து அடுத்த படியான பி1-க்கு ஏறவே சுமார் 200 மணி நேரப் படிப்பு வேண்டும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியிருக்க, விளம்பரத்தில் மட்டும் எப்படிப் பத்தே நாளில் சரளம் வந்துவிடுகிறது?

சரி, பிறகு எதற்கு இந்த வகுப்பு? பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஓரளவு தெரியும், வருடக்கணக்காகப் படித்திருக்கிறார்கள், ஆனால் வாய் திறக்க வராது. தெரிந்ததைப் பேச்சாக மாற்றுவதற்கு 30 மணி நேரம் கொஞ்சமில்லை. மறுபடி முதல் பாடத்திலிருந்து இறந்தகாலம், நிகழ்காலம் என்று நடத்த ஆரம்பித்தால்தான் அத்தனையும் வீண்.

முதல் நாள் எழுத்துத் தேர்வை மட்டும் வைத்துக் குழு பிரிக்காதீர்கள். ஒவ்வொருவரோடும் 5 நிமிடம் பேசுங்கள். தாளில் முழு மதிப்பெண் எடுத்த பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே திணறும். வயதையும் பாருங்கள். 12 வயதுக்காரர் குதித்து ஆடும் விளையாட்டை 16 வயதுக்காரர் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்குவார், அதுவும் தோழர்கள் பார்க்கும்போது கேட்கவே வேண்டாம்!

அப்புறம் பாடம். ஒரு ரயில் கால அட்டவணையை எடுத்து, பாதி நேரங்களை ஒருவரிடமும் மீதியை இன்னொருவரிடமும் கொடுத்து, இருவரும் சேர்ந்து ஒரு பயணத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள். தாளைக் காட்டக் கூடாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கவனம் வேலையை முடிப்பதில் இருந்தால் மொழி தானாகப் படியும் என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளிலேயே சோதித்துப் பார்த்தார், வரைபடமும் ரயில் அட்டவணையும்தான் அவருக்குப் பாடப்புத்தகம்.

இன்னொன்று 4-3-2. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை என்பதால் நாக்கு இளகிவிடும். நடுவில் பிழை திருத்தவே திருத்தாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு, கடைசி 15 நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி, அவர்களையே திருத்தச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடமா? விடுமுறைங்க, விட்டுவிடுங்கள்.

கடைசி நாள் சான்றிதழ் கேட்பார்கள். அதில் பி1 மாதிரி இன்ன நிலையை எட்டினார் என்று எழுத வேண்டாம். முதல் நாள் பேச்சையும் கடைசி நாள் பேச்சையும், பெற்றோர் சம்மதத்தோடு, பதிவுசெய்து அவரவர் கையில் கொடுங்கள். வித்தியாசத்தை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.