எல்லாரும் ஊசி போட்டுதான் ஓட்டுறானுங்களா? டூர் டி பிரான்ஸ் பத்தி ஒரு தம்பி கேட்ட கேள்வி

சரி அடுத்த கேள்வி. கொடுங்கையூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதான் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பாக்க ஆரம்பிச்சேன், எங்க மாமா பக்கத்துல ஒக்காந்துகினு அத்தினி பேரும் மருந்தடிச்சிட்டு ஓட்டுறானுங்க இத்த போய் பாத்துகினு கீறியேன்னு டெய்லி கலாய்க்கிறாரு, டூர் ஜெயிச்ச போகாச்சார் க்ளீனா இல்லியா, இல்லன்னா இன்னாத்துக்கு பாக்கணும், பாக்கணும்னா எந்த ஸ்டேஜ் பாக்கணும்?" அவ்ளோதான் கேள்வி. கேள்வி ஒண்ணுன்னு நெனச்சேன், மூணு கீது.

மொதல்ல தம்பி, உங்க மாமா சும்மா பீலா வுடல. அவருக்கு ஆதாரம் வேணும்னா நானே எடுத்துக் குடுப்பேன். 1967ல டாம் சிம்ப்சன்னு ஒரு இங்கிலீஷ்காரன் மோன் வென்டூ மலை ஏறும்போது ரோட்டுலயே விழுந்து செத்தான், சட்டை பாக்கெட்ல மருந்து இருந்துச்சு. 1998ல ஃபெஸ்டினா டீம் ஆளு ஒருத்தர் கார் நிறைய மருந்தோட பெல்ஜியம் பார்டர்ல மாட்டுனாரு, அந்த வருஷம் டூரே நடக்குமா நடக்காதான்ற லெவலுக்கு போச்சு. அதுக்கப்புறம் 1999ல இருந்து 2005 வரைக்கும் ஏழு வருஷம் தொடர்ச்சியா ஜெயிச்ச லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கும் மருந்து கேஸ்ல மாட்டுனாரு, 2012ல ஏழு பட்டத்தையும் புடுங்கிட்டாங்க, அந்த ஏழு வருஷத்துக்கு இன்னி வரைக்கும் ஜெயிச்சவன்னு யார் பேரும் கிடையாது, காலியா கீது. ரெண்டாவது வந்தவனுக்கு குடுக்கலாமேன்னு கேப்பீங்க. அந்த வருஷங்கள்ல ரெண்டாவது மூணாவது வந்தவனுங்க லிஸ்ட்ட எடுத்துப் பாருங்க, அப்புறம் இந்த கேள்விய கேக்க மாட்டீங்க.

புதுசா பாக்குறவங்களுக்காக ஒரு வரி. இது மூணு வாரம், 21 ஸ்டேஜ், அதாவது ஒரு நாளைக்கு ஒரு ஓட்டம், ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர், நடுவுல ரெண்டு நாள்தான் ரெஸ்ட்டு, எல்லா நாள் டைமையும் கூட்டி யாருக்கு கம்மியோ அவனுக்கு மஞ்சள் ஜெர்சி.

இப்ப சைக்கிள்ல ஏன் மருந்து இவ்ளோ வேலை செய்யுதுன்னு புரிஞ்சிக்கணும். ரத்தத்துல கீற சிவப்பு அணுங்கள நம்ம காசிமேட்டு மீன்பாடி வண்டின்னு வெச்சுக்கோங்க, ஆக்சிஜன்தான் மீனு, நுரையீரல்ல லோடு ஏத்தி கால்ல எறக்குது. வண்டி எத்தினி கீதோ அவ்ளோதான் சரக்கு போகும். ஈபிஓன்னு ஒரு மருந்து, அத ஊசியா போட்டா உடம்பு இன்னும் இன்னும் வண்டிய ரோட்டுல எறக்கும். ஆனா ரோடு அதே ரோடுதான, வண்டி அதிகமாக அதிகமாக ஜாம் ஆவும், ரத்தம் கெட்டியாகி இதயத்துக்கே பேஜாராயிடும். ரத்தத்துல இந்த சிவப்பு அணு எத்தினி சதவீதம் கீதுன்னு அளக்குறதுதான் ஹீமாடோக்ரிட், ஆம்பளைங்களுக்கு சாதாரணமா 40க்கு மேல 50க்குள்ள இருக்கும். 1996ல டூர் ஜெயிச்ச பியார்னே ரீஸுக்கு அறுபது சதவீத ஐயான்னே பட்டப்பேரு வெச்சிருந்தானுங்க, அவரும் 2007ல ஆமா எடுத்தேன்னு ஒத்துக்கினாரு.

இதுல காமெடி இன்னான்னா அப்ப ஈபிஓவ கண்டுபுடிக்க டெஸ்ட்டே இல்ல. அதனால 1997ல யூசிஐ, அதான் சைக்கிள் ரேஸுக்கு உலக சங்கம், 50 சதவீதத்துக்கு மேல இருந்தா அன்னிக்கு ஓட்டக்கூடாது, உடம்புக்கு நல்லதில்ல வீட்டுக்கு போன்னு ஒரு ரூல் போட்டாங்க. இன்னா ஆச்சு? 42ல இருந்தவன்லாம் 49 வரைக்கும் ஏத்திக்கலாம்னு லைசன்ஸ் குடுத்த மாதிரி ஆயிடுச்சு, பொறப்புலயே 48 கீறவனுக்கு ஏத்திக்க இடமே இல்ல. 1998ல இத்தாலி ரேஸ் ஜீரோவையும் டூரையும் ஒரே வருஷத்துல ஜெயிச்ச பன்டானி, அடுத்த வருஷம் ஜீரோவுல ஜெயிச்சுகினே கீறப்ப 52 காட்டுச்சுன்னு அனுப்பிட்டானுங்க, அந்த ஆளு அதுக்கப்புறம் எழுந்துக்கவே இல்ல, 2004ல செத்துட்டாரு, 34 வயசு. எனக்கு அந்த ஆளு மேல கோவம்லாம் வராது, பரிதாபம்தான் வரும்.

அப்புறம் 2000ல ஈபிஓவுக்கு டெஸ்ட் வந்துச்சு, உடனே கொஞ்சம் கொஞ்சமா ராத்திரில போட ஆரம்பிச்சானுங்க, சொந்த ரத்தத்தையே எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரேஸ் நடுவுல திருப்பி ஏத்திக்கினானுங்க. 2008ல பயலாஜிகல் பாஸ்போர்ட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, அது மருந்த தேடாது, உன் ரத்தம் வருஷம் பூரா எப்படி கீதுன்னு கிராஃப் போட்டு வெச்சு திடீர்னு ஏறுனா இன்னா நைனான்னு கேக்கும். இது நல்ல விஷயம். முழுசா நிறுத்திடுச்சான்னா இல்ல, பழைய மாதிரி கண்ணு மண்ணு தெரியாம ஏத்துறதுக்கு ஒரு கடிவாளம், அவ்ளோதான்.

சரி, போகாச்சார் க்ளீனா? நேரா சொல்றேன், அந்த ஆளு எந்த டெஸ்ட்லயும் மாட்டல. ஆனா தம்பி, டெஸ்ட்ல மாட்டலன்றத வெச்சு நான் யாருக்கும் சர்டிஃபிகேட் குடுக்க மாட்டேன், ஏன்னா ஆர்ம்ஸ்ட்ராங்கும் வருஷக்கணக்கா அதே டயலாக்தான் சொல்லிக்கினு இருந்தாரு, ஐந்நூறு டெஸ்ட் எடுத்தேன் ஒண்ணுலயும் மாட்டலன்னு. மாட்டவே இல்லன்றது கூட பொய்தான், 1999லயே கார்டிசோன்னு வீக்கம் கொறைக்கிற மருந்து டெஸ்ட்ல காட்டுச்சு, சீட்டு உரசி புண்ணு, களிம்பு போட்டேன்னு பின்தேதி போட்ட மருந்து சீட்டு குடுத்து டபாய்ச்சாரு. கடைசில அவர மாட்டவெச்சது மெஷின் இல்ல, கூட ஓட்டுன 11 டீம்மேட்டுங்க வாயத் தொறந்து சாட்சி சொன்னாங்க, அதுல மாட்டுனாரு.

அதே மாதிரி, வேகமா போறான் அதனால மருந்துன்னு சொல்றதும் ஆதாரம் கிடையாது. 2024ல பிளாட்டோ டி பேய் மலைல போகாச்சார் பன்டானியோட 1998 டைம மூணு நிமிஷத்துக்கு மேல ஒடச்சான், உடனே நெட்டு பூரா பாத்தியா பாத்தியான்னு ஒரே சத்தம். ஏங்க, 26 வருஷம் ஆயிடுச்சு, சைக்கிளு வேற, டயரு வேற, ட்ரெஸ்ஸு கூட காத்துக்குன்னே டெஸ்ட் பண்ணி தைக்கிறானுங்க. அப்பல்லாம் ஓட்டும்போது சாப்புடாம இருக்கறத கெத்தா நெனச்சவனுங்க இருந்தானுங்க, இப்ப மணிக்கு 120 கிராம் வரைக்கும் சர்க்கரைய ஜெல்லா உள்ள தள்ளுறானுங்க, வயித்த அதுக்குன்னே மாசக்கணக்கா பழக்குறானுங்க. அன்னிக்கு மலை அடில இருந்தே போகாச்சாரோட பெரிய போட்டியாளர் விங்கேகோரும் அவன் டீமும் வெரட்டிக்கினு போனாங்க, அதுவும் ஒரு காரணம். இதெல்லாம் சேத்தா மூணு நிமிஷம் வருமா? பாதிக்கு மேல வரும்னு நான் நெனக்கிறேன், மீதி அந்த ஆளோட உடம்பா வேற ஏதாவதான்னு என்னால சொல்ல முடியாது, சொல்றேன்னு எவனாவது வீடியோ போட்டா உஷாரா இருங்க.

சந்தேகப்பட காரணமே இல்லியான்னா, கீது. அவன் டீம நடத்துற மௌரோ ஜியானெட்டி, 2008ல சௌனியே டுவால்னு ஒரு டீமுக்கு மேனேஜர், அந்த டூர்ல அவங்க ரைடர் ரிக்கோ மருந்துல மாட்டி டீமே பாதில மூட்ட கட்டிக்கினு போச்சு. பழைய ஆளுங்க இன்னும் டீம் கார்லதான் கீறாங்க, இது எனக்கு புடிக்காத விஷயம்தான். அப்புறம் 2024ல பெரிய டீமுங்க கார்பன் மோனாக்சைடு மெஷின் வெச்சிருக்கறது வெளிய வந்துச்சு, ரத்தத்த அளக்கறதுக்குதான் யூஸ் பண்றோம்னாங்க, அந்த வாயுவையே திரும்பத் திரும்ப மூச்சுல இழுத்தா சிவப்பு அணு ஏறும்னு ஒரு பேச்சு கீது, 2025 பிப்ரவரில யூசிஐ அப்படி இழுக்கறதுக்கு தடை போட்டாங்க. தடை வர்ற வரைக்கும் அது சட்டப்படி தப்பில்ல. இந்த மாதிரி கோட்டுக்கு இந்தாண்ட நின்னுகினு அந்தாண்ட எட்டிப் பாக்குறதுதான் இன்னிக்கு பெரிய பிரச்சனைன்றது என் அபிப்பிராயம், ஊசி கூட அடுத்ததுதான். ஆனா இதெல்லாம் டீம் மேல கேக்க வேண்டிய கேள்வி, இத வெச்சு ஓட்டுறவன் திருடன்னு சொன்னா அது அநியாயம். சாம்பிள பத்து வருஷம் வரைக்கும் எடுத்து வெச்சு திருப்பி டெஸ்ட் பண்ணலாம், 2024 டூருக்கு 2034 வரைக்கும் டைம் கீது. 2023ல விங்கேகோர் டைம் ட்ரயல்ல, அதான் ஒவ்வொருத்தனா தனியா கடிகாரத்தோட ஓட்டுற ஸ்டேஜ்ல, போகாச்சாரையே 1 நிமிஷம் 38 செகண்ட் தள்ளுனப்ப அவன் கிட்டயும் இதே கேள்விதான் கேட்டாங்க, சந்தேகப்படுறது நல்லதுதான்னான், என் பொண்ணுக்கு குடுக்காத எதையும் நான் எடுத்துக்க மாட்டேன்னான். பதில் புடிச்சிருந்துச்சு. நம்புறதா வேணாமான்றது வேற.

அப்ப இன்னாத்துக்கு பாக்குறது? இதுக்குதான் வரேன். 2004 டூர்ல 18ஆவது ஸ்டேஜ். ஆர்ம்ஸ்ட்ராங் மஞ்சள் ஜெர்சில கீறாரு, ரேஸ் முடிஞ்ச மாதிரிதான். முன்னாடி ஒரு சின்ன கூட்டம் தப்பிச்சு போயிகினு கீது, சிமியோனின்னு ஒரு இத்தாலிக்காரன் அவங்களோட சேந்துக்க பின்னாடியே பாயுறான். அவன் மொத்த டைம்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல பின்தங்கி கீறான், அவன் போனா யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா மஞ்சள் ஜெர்சி தானே எழுந்து வெரட்டுது! எந்த ஊர்லயாவது இப்படி நடக்குமா? ஏன்னா சிமியோனி, ஆர்ம்ஸ்ட்ராங்கோட டாக்டர் ஃபெராரிக்கு எதிரா கோர்ட்ல சாட்சி சொன்னவன். ஆர்ம்ஸ்ட்ராங் அவன் கூடவே ஒட்டிக்கினு போனாரு, முன்னாடி போனவனுங்களே சிமியோனிய பாத்து நீ பின்னாடி போயிடு நைனா, உன்னால எங்க சான்ஸும் போவுதுன்னு கெஞ்சுனாங்க, அவன் நின்னுட்டான். திரும்பி வரும்போது ஆர்ம்ஸ்ட்ராங் கேமராவ பாத்து வாய்க்கு ஜிப் போடுற மாதிரி கைய காட்டுனாரு. விசாரணை ரிப்போர்ட் வர்றதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே ரோட்டுல எல்லாமே நடந்துடுச்சு, லைவ்ல. மஞ்சள் ஜெர்சிய பாத்து கைதட்டிக்கினு இருந்தவனுக்கு அது ஹீரோயிசம், யாரு யார வெரட்டுறான் எதுக்குன்னு பாத்தவனுக்கு அன்னிக்கே விஷயம் தெரியும்.

1999லயும் இதே கதைதான். பாசோன்ஸ்னு ஒரு ஃப்ரெஞ்சு பையன், ஃபெஸ்டினா டீம்ல மருந்து தொட மாட்டேன்னு நின்னவன், பேப்பர்ல டெய்லி எழுதிக்கினு இருந்தான், இந்த வேகம்லாம் இயல்பா வராதுன்னு. ஆல்ப் டுவேஸ் போற ஸ்டேஜ்ல ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்துல வந்து நீ வீட்டுக்கு போயிடுன்னு சொன்னாரு. மத்தவனுங்க ஒருத்தன் பேசல அவன் கூட. ரெண்டு மூணு நாள்ல பையன் ரேஸ விட்டே போயிட்டான். மருந்தடிச்சவன் ஜெயிச்சான்றத விட இதுதான் எனக்கு ஆத்திரம், ஏன்னா ஜெயிச்சவன் பேர அழிச்சிடலாம், இந்த பையனுக்கு போன வருஷங்கள யார் திருப்பி குடுப்பா.

அதனால மாமா கேட்டா, எவனையும் சாமியாக்கறதுக்கு நான் பாக்கலன்னு சொல்லு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல காலைல சைக்கிள் எடுத்துக்கினு போறவங்களுக்கு தெரியும், கடல் காத்து எதிர்ல அடிச்சா முன்னாடி போறவன் முதுகுதான் சோறு போடும், பின்னாடி ஒட்டிக்கினா கால்வாசிக்கு மேல சக்தி மிச்சம். அந்த முன்னாடி போறவன்தான் டூர்ல 150 பேரு. பாட்டில் எடுத்துக்கினு வரான், காத்த கிழிச்சுகினு போறான், மலை வந்ததும் கழட்டி வுட்டுட்டானுங்கன்னா பின்னாடி ஒரு கும்பலா சேந்து, ஜெயிச்சவன் டைமுக்கு மேல இவ்ளோ சதவீதத்துக்குள்ள வந்தே ஆவணும் இல்லன்னா நாளைக்கு கிடையாதுன்னு கணக்கு போட்டுகினு ஏறுறானுங்க. அவனுங்கள்ல எவன் ஊசி போட்டான் போடலன்னு தெரியாது, ஆனா அந்த கணக்கு நெஜம், அந்த வலி நெஜம்.

ஒண்ணு சொல்லணும். மாமா வெள்ளக்காரன் பூரா திருடன்ற மாதிரி பேசுறாருன்னா, ஊக்க மருந்த தடுக்கற உலக அமைப்பு வாடாவோட 2023 கணக்க காட்டு. நம்ம நாட்டுல 5,600 சாம்பிளுக்கு மேல எடுத்து 214ல பாசிட்டிவ், நூத்துக்கு கிட்டத்தட்ட நாலு, ஐயாயிரத்துக்கு மேல டெஸ்ட் பண்ண நாடுங்கள்ல நாமதான் மொதல்ல. அதே 2023ல டெல்லி ஸ்டேட் மீட்ல நாடா, அதான் நம்ம நாட்டு மருந்து தடுப்பு அமைப்பு, ஆளுங்க வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஆம்பளைங்க 100 மீட்டர் ஃபைனல்ல ஒரே ஒரு ஆள்தான் ஓடுனாரு, மீதி பேரு எஸ்கேப்பு. நம்ம ஏரியா ஜிம்முங்கள்லயும் ஆணழகன் போட்டிக்கு முன்னாடி இன்னா நடக்குதுன்னு வண்ணாரப்பேட்டைலயும் தண்டையார்பேட்டைலயும் கேட்டா சொல்லுவாங்க, அங்க பாஸ்போர்ட்டும் இல்ல, டெஸ்ட்டும் இல்ல, பதினெட்டு வயசு பசங்க. சைக்கிள்ல இத்தினி பேர் மாட்டுறான்னா இத்தினி பேர புடிக்கிறாங்கன்னும் ஒரு அர்த்தம் கீது. மோட்டார் கூட தேடுறாங்க தெரியுமா, 2016ல சைக்கிளோகிராஸ்னு சேத்துலயும் மேட்டுலயும் ஓட்டுற ரேஸோட உலக சாம்பியன்ஷிப்ல ஒரு பொண்ணு சைக்கிள் ஃப்ரேம்குள்ள மோட்டாரே இருந்துச்சு, அதுலருந்து எக்ஸ்ரே எல்லாம் வெச்சு பாக்குறாங்க.

எந்த ஸ்டேஜ் பாக்கணும்னு கேட்ட இல்ல, மொத வாரம் தரைல போற ஸ்டேஜ்லாம் முழுசா பாக்காத, தூங்கிடுவ, கடைசி பத்து கிலோமீட்டர் போதும். மலை ஸ்டேஜ் மட்டும் நம்ம டைமுக்கு ஏழு ஏழரைல இருந்து ஒக்காரு, பெரும்பாலும் ஒம்போது மணி வாக்குல முடியும், முடிஞ்சதும் டிவிய ஆஃப் பண்ணாத, அந்த கடைசி கும்பல் டைமுக்குள்ள வருதான்னு பாத்துட்டு சாப்புட போ. மாமாவையும் ஒக்கார வை, வாய மூடிகினு பாப்பாரு.

சரி, அடுத்தது புளியந்தோப்புல இருந்து ஒரு அக்கா, டியூப்லெஸ் டயருக்கு சீலன்ட் எத்தினி மாசத்துக்கு ஒரு வாட்டி மாத்தணும்னு கேட்டிருக்காங்க.